எட்டு வீட்டுச் சிட்டிகை

கச்சிராயபாளையம்
14 ஜூன் 2025

பிச்சைமுத்துவுக்கு,

நலம் விசாரித்து எழுதும் நிலையில் நான் இல்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்குப் பதிவுத் தபாலா என்று தபால்காரர் கேட்டார். "இன்னாம்மா, ஒரு கொரல் குடுத்தா கேக்கற தூரம்" என்றார். கேட்கும். கேட்ட பிறகு, அண்ணி அப்படிச் சொல்லவே இல்லை என்று நீ ஊரெல்லாம் சொல்வாய். அதனால்தான் எழுத்தில்.

நேற்று உன் மகன் வெற்றிவேல் வந்தான். வண்டியை விட்டு இறங்காமலே, "பெரிம்மா, இந்த ஆடிக்கு மொத வெடி நானு வைக்கறன். துப்பாக்கி லைசென்ஸ எம்பேருக்கு மாத்த நீங்க ஒத்துக்கினா போதும்னு அப்பா சொல்லச் சொன்னாரு" என்றான். இரண்டு நாளில் சொல்ல வேண்டுமாம். ஒரு மாட்டை விற்கக்கூட நீ இதைவிட அதிக அவகாசம் கொடுப்பாய்.

உனக்கு மறந்திருந்தால் நினைவூட்டுகிறேன். ஆடி வெள்ளியில் அய்யனார் கோயில் ஏரிக்கரையில் மஞ்சள் நீர் நிரப்பிய கலயத்தை மூங்கிலில் தொங்கவிட்டு, முதல் வெடியில் அதை உடைப்பது நம் வகையறாவில் மூத்த வீட்டின் உரிமை. உடைந்த கலயத்தின் கழுத்து, சுட்டவர் வாசலில் அடுத்த ஆடி வரை தொங்கும். உன் அப்பா சுட்டார். உன் அண்ணன் சுட்டார். அவர் போன பிறகு அந்த மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி, பயிர்ப் பாதுகாப்பு உரிமத்தில், கள்ளக்குறிச்சி கலெக்டர் அலுவலகத்தில் முறையாக என் பெயருக்கு மாறியது. ஆடி வெடிக்குக் காவல் நிலையத்தில் அனுமதி வாங்கியதும் நான்தான். போன வருடம் சுட்டேன். கலயம் உடையவில்லை.

அத்தனை பேருக்கு நடுவில் நீ சொன்னது: "தாலி இல்லாத கை. அய்யனாரு ஏத்துக்கல. வுடுங்க." அன்று முதல் நான் உன்னோடு பேசவில்லை. ஒரு வருடமாக என் வாசல் மொட்டையாக நிற்கிறது.

கலயத்துக்குப் பின்னால் கட்டியிருந்த வேட்டியை நீ பார்த்தாயா? நான் பார்த்தேன். குறி தவறியிருந்தால் ரவைகள் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். அப்படி இல்லை. வளையல் போலச் சுற்றிலும் ஓட்டைகள், நட்ட நடுவில் கலயம், அதில் ஒரு கீறல் கிடையாது. குறி சரி. ரவைதான் நடுவை விட்டு விலகி ஓடியிருக்கிறது. கடலூர் கான்வென்ட்டில், பார்த்ததை முதலில் எழுது, நினைப்பதைப் பிறகு எழுது என்று பழக்கினார்கள். வளையம் நான் பார்த்தது. அய்யனார் ஏற்கவில்லை என்பது நீ நினைப்பது.

வளையம் ஏன் விழுந்தது என்று தெரியும்வரை என் சம்மதம் கிடையாது.

கொளஞ்சியம்மாள்


கச்சிராயபாளையம்
18 ஜூன் 2025

அண்ணி அவர்களுக்கு வணக்கம்.

பதிவுத் தபால் என்றதும் கோர்ட்டு நோட்டீஸ் என்று பயந்து கையெழுத்துப் போட்டு வாங்கினேன். நீங்கள் வாய்க்கால் மதகில் நின்று ஒரு சத்தம் போட்டிருந்தால் நான் வந்திருப்பேன். வந்திருக்க மாட்டேன் என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் இஷ்டம்.

நான் சொன்னதையே பிடித்துக்கொண்டு இருக்கிறீர்கள். அன்றைக்கு ஊரே முணுமுணுத்தது. நான் நாலு வார்த்தையில் சொல்லி மூடினேன். மூடாமல் விட்டிருந்தால் இன்னும் கேவலமாகப் பேசியிருப்பார்கள். அதற்குப் பிறகு பன்றி இறங்கிச் சோளத்தையெல்லாம் மேய்ந்ததே, அதற்கு என்னிடம்தானே வந்து கேட்டார்கள். "கலயம் ஒடைஞ்சிருந்தா பன்னி வந்திருக்குமா தலைவரே" என்று இருசம்மாள் என் முகத்துக்கு நேராகவே கேட்டாள். கோயில் தலைவர் பதவியை நான் கேட்டு வாங்கவில்லை.

துப்பாக்கிக்கும் வயதாகிவிட்டது, உங்களுக்கும் எழுபது தாண்டிவிட்டது. குழல் தேய்ந்தால் ரவை சிதறத்தான் செய்யும். வெற்றிவேல் கை உறுதியான கை. ஆடி பிறந்ததும் கூட்டம் போட்டு முடிவு செய்யப்போகிறோம். அதற்குள் நல்ல பதிலாகச் சொல்லுங்கள்.

கான்வென்ட் படிப்பை எங்களிடம் காட்ட வேண்டாம். கலயம் உடையவில்லை. ஊர் பார்த்தது அதைத்தான்.

இப்படிக்கு,
பிச்சைமுத்து


29 ஜூன் 2025

பிச்சைமுத்துவுக்கு,

இருசம்மாளுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் என் கையைக் குறை சொல்லிவிட்டு, அதற்கு மூடினேன் என்று பெயர் வைக்கிறாய். போகட்டும். குழல் தேய்ந்தது என்றாய், என் கை தளர்ந்தது என்றாய். இரண்டையும் சோதித்துவிட்டேன்.

சாயங்காலம் பன்றி விரட்ட நான் வைக்கும் வெடி உனக்குத் தினமும் கேட்கிறது. அதை இந்த வாரம் வானத்தைப் பார்த்து வைக்கவில்லை. கிணற்று மேட்டில் உன் அண்ணனின் பழைய வேட்டியை விரித்துக் கட்டி, நடுவில் கரியால் கலயம் அளவுக்கு வட்டம் போட்டு, ஏரிக்கரையில் நிற்கும் அதே தூரத்தில் நின்று சுட்டேன். செவ்வந்தி களை எடுப்பதை விட்டுவிட்டு உதவிக்கு வந்தாள். எனக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லி நிறுத்தினேன்.

வழக்கமாக நான் வயலில் கெட்டிக்கும் முறைதான். பித்தளை அளவையில் மருந்தைத் தலை தட்டி எடுத்து, அதே அளவையில் ரவையை நிறைய எடுத்தேன். மருந்துக்கு மேல் கெட்டி அட்டை, அதன் மேல் நார், அப்புறம் ரவை, ரவைக்கு மேல் உதிராமல் இருக்க மெல்லிய அட்டை. ரவை முழுவதும் வேட்டியில் ஒரு முறம் அளவுக்குள் அடங்கியது. கரி வட்டத்துக்குள் எண்ண முடியாத அளவுக்கு ஓட்டை. செவ்வந்தி விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "கலயமா இருந்தா மாவா பூட்டிருக்கும்மா" என்றாள். மறுநாளும் அப்படியே. ஆகவே குழல் தேயவில்லை. என் கையும் தேயவில்லை.

கோயிலில் ரவைக்கு மேல் ஒரு கைப்பிடி நாரை மஞ்சள் துணியில் சுற்றித் திணிப்பீர்கள். அதைப் போலத் திணித்தும் சுட்டுப் பார்த்தேன். கொஞ்சம் பரவியது. வெளியே போகும்போது அந்த உருண்டை ரவைக்கு வழி விடாமல் இடிக்கிறது. ஆனால் வளையம் விழவில்லை.

அட்டை எங்கே கிடைத்தது என்று கேட்பாய். வெற்றிவேல் கல்யாணப் பத்திரிகை நல்ல அட்டை. குழல் வாயை அதில் அழுத்தி, தடம் பார்த்து வட்டம் வட்டமாக வெட்டிக்கொண்டேன். நீ அடித்த பத்திரிகையில் ஊருக்குப் பயன்பட்டது இதுவாகத்தான் இருக்கும்.

மீதம் இருப்பது மருந்து. போன வருடம் எத்தனை வீட்டார் சிட்டிகை போட்டீர்கள்? இதற்கு மட்டும் நேரான பதில் வேண்டும்.

கொளஞ்சியம்மாள்


3 ஜூலை 2025

அண்ணி அவர்களுக்கு,

சாமி படம் போட்ட பத்திரிகையை வெட்டித் துப்பாக்கியில் அடைத்தீர்கள் என்று கேட்டு வீட்டில் எல்லோருக்கும் மனது கஷ்டமாக இருக்கிறது. மருமகள் ராதிகா அழுதாள். அவள் பெயரும்தானே அதில் இருந்தது.

எத்தனை வீடு என்று கேட்கிறீர்கள். நீங்களும் அங்கேதான் நின்றீர்கள், உங்கள் சிட்டிகைதான் முதலில் விழுந்தது. அப்பா காலத்தில் மூத்த வீடு, என் வீடு, சித்தப்பா வீடு, மூன்று. அண்ணன் கடைசியாகச் சுட்ட வருஷமும் அதே மூன்று. அப்புறம் சித்தப்பா காரியம் முடிந்து அவர் பிள்ளைகள் நான்கு பேரும் பாகம் பிரித்தார்கள். என் பிள்ளைகள் இரண்டு பேரும் தனி அடுப்பு வைத்தார்கள். ஆக எட்டு. வீட்டுக்கு ஒரு சிட்டிகை மருந்து குழலில் விழ வேண்டும், அதுதானே முறை. சிட்டிகை விழாத வீடு பங்காளி வீடு இல்லை. அடுப்பு வைத்த அன்றைக்கே ராதிகா என்னிடம் கேட்டது, "மாமா, ஆடிக்கு எங்க வூட்டு சிட்டிகை உண்டா இல்லியா" என்பதுதான். இல்லை என்று நான் சொல்ல முடியுமா?

மருந்து கூடினால் வேகம் கூடும். வேகம் கூடினால் கலயம் உடையத்தானே வேண்டும்? இதில் என்ன தப்பு என்று எனக்குப் புரியவில்லை. ரவை கம்மி என்றால் ரவையையும் கூட்டிப் போடலாம்.

கூட்டம் இருபதாம் தேதிக்குள். வீடுகளைக் குறைக்கச் சொல்லி மட்டும் எழுதாதீர்கள். எந்த வீட்டைக் குறைத்தாலும் அரிவாள் வரும்.

பிச்சைமுத்து


12 ஜூலை 2025

பிச்சைமுத்துவுக்கு,

சாமி படத்தில் நான் கை வைக்கவில்லை. சாப்பாட்டு நேரமும் மண்டபத்துக்கு வழியும் போட்ட பக்கத்தில்தான் வெட்டினேன். ராதிகாவின் பெயர் இருந்த பக்கம் என் பீரோவில் முழுதாக இருக்கிறது. அழும் முன் கேட்டிருக்கலாம்.

இப்போது நான் எழுதுவதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படி.

என் சிட்டிகையை வைத்தே ஒவ்வொன்றாகக் கூட்டிச் சுட்டுப் பார்த்தேன். மூன்று சிட்டிகையில், உன் அண்ணன் காலத்தைப் போல, ரவை முறத்துக்குள் நின்றது. நான்கில் முறத்தை விட்டு வெளியே வந்தது. ஐந்தில் கரி வட்டத்துக்குள் ஒரு தட்டு அளவுக்கு ஒன்றுமே இல்லை, ரவையெல்லாம் சுற்றிலும் போய்விட்டது. "இன்னாம்மா இது, நடுவுல மட்டும் ஒண்ணியும் காணோம், சுத்தி சல்லடையாட்டம் கீது" என்று செவ்வந்தி வேட்டிக்குப் பின்னால் போய்த் தேடினாள். அதோடு நிறுத்திவிட்டேன். எட்டு போடும் அளவுக்கு எனக்கு மூளை கெடவில்லை.

காரணமும் சொல்கிறேன். ரவை அதேதான், மருந்து மட்டும் அதிகம். அந்த வேகத்தில் கீழே இருக்கும் அட்டையும் நாரும் ரவையின் முதுகில் இடித்து, நடுவைத் துளைத்துக்கொண்டு முன்னால் போய்விடுகின்றன. ரவை வழி விட்டுச் சிதறுகிறது. மருந்து கூடினால் கலயம் உடையும் என்றாய். மருந்து கூடியதால்தான் உடையவில்லை. இதற்கு என் தாலி என்ன செய்யும்? அவர் உயிரோடு இருந்து அவரே சுட்டிருந்தாலும் அந்தக் கலயம் அப்படியேதான் தொங்கியிருக்கும்.

இன்னொன்று. போன வருடம் சுட்ட பிறகு என் வலது தோள் ஒரு வாரம் நீலமாக இருந்தது. வயதானவள் என்று சொல்வீர்கள் என்பதால் யாரிடமும் காட்டவில்லை. அது என் வயது இல்லை, உங்கள் எட்டுச் சிட்டிகை. ஆண்பிள்ளைகள் கைச் சிட்டிகை என் சிட்டிகையைவிடப் பெரியது என்பதையும் சேர்த்துக்கொள். ரவையையும் கூட்டிப் போடலாம் என்று கூசாமல் எழுதியிருக்கிறாய். அது உன் தாத்தா காலத்துக் குழல். மருந்தும் கூடி, பாரமும் கூடினால் அது முன்பக்கம் சுடாது, பிளக்கும். பிளக்கும்போது அதில் கன்னத்தை வைத்துக் குறி பார்த்துக்கொண்டிருக்கப் போவது வெற்றிவேல். நீ என்னிடம் சம்மதம் கேட்டது இதற்குத்தான்.

எந்த வீட்டையும் குறைக்க வேண்டாம். எட்டுச் சிட்டிகையும் விழட்டும், குழலில் வேண்டாம். அய்யனார் முன்னால் ஒரு பித்தளைத் தட்டில் விழட்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து என் அளவையில் தலை தட்டி ஒரே அளவு எடுத்துக் கெட்டிக்கலாம். மிச்சத்தைத் தட்டோடு தள்ளி வைத்துத் தூர நின்று அய்யனாருக்குக் கொளுத்திவிடலாம். குழலுக்குள் போனது எந்த வீட்டு மருந்து, சாமிக்குப் போனது எந்த வீட்டு மருந்து என்று எவனாலும் சொல்ல முடியாது. அரிவாளுக்கு வேலை இல்லை.

கடைசியாக ஒன்று. ஐந்தாவது சிட்டிகை அன்று கரும்புக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். நாற்பது வருடமாக எனக்குத் தெரிந்த இருமல். துப்பாக்கி சுடும் இடத்தில் ஒளிந்து நிற்பது எவ்வளவு மடத்தனம் என்று தெரியுமா? பார்க்க வேண்டுமென்றால் வாசல் வழியாக வர வேண்டும்.

கொளஞ்சியம்மாள்


20 ஜூலை 2025

அண்ணி அவர்களுக்கு வணக்கம்.

நான் கரும்புக்குத் தண்ணீர் பாய்கிறதா என்று பார்க்க வந்தேன். ஒளியவில்லை. வேட்டி தற்செயலாகக் கண்ணில் பட்டது. நடுவில் இருந்த வெறும் இடமும் பட்டது.

வெற்றிவேலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நீங்கள் சொன்னபடி கண்ணாடி போட்டுக்கொண்டு அதை இரண்டு தடவை படித்தேன். அவனிடம் இன்னும் சொல்லவில்லை. அவன் சின்ன வயதில் அந்தத் துப்பாக்கியைத் தொட்டதற்கு நீங்கள் அவனை அடித்தது ஞாபகம் வந்தது. அப்போது எனக்கு உங்கள் மேல் கோபம்.

கூட்டம் நேற்று முடிந்தது. தட்டு ஏற்பாட்டை எட்டு வீடும் ஒத்துக்கொண்டது. முதல் வெடி இந்த வருஷமும் நீங்கள்தான். லைசென்ஸ் பேச்சை எடுக்கவில்லை.

ஒரு விஷயத்தை நானே சொல்லிவிடுகிறேன், மற்றவர் சொல்லிக் கேட்டால் நீங்கள் இன்னொரு பதிவுத் தபால் போடுவீர்கள். அண்ணி சொன்னார்கள் என்று ஆரம்பித்தால் சித்தப்பா பிள்ளைகள் எழுந்து போயிருப்பார்கள். "பொம்பள பேச்சக் கேட்டு எங்க சிட்டிகைய கொறைக்கறியா" என்று கேட்பார்கள், எனக்குத் தெரியும். அதனால் அய்யனார் என் கனவில் வந்ததாகச் சொன்னேன். பித்தளைத் தட்டில் போடு, கலந்து எடு, மூத்த வீட்டுக்காரியே சுடட்டும் என்று உத்தரவு ஆனதாகச் சொன்னேன். அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பூசாரிக்கு அருள் வரப் பார்த்தது.

காரியம் நடந்தால் சரி என்று இருங்கள்.

பிச்சைமுத்து


23 ஜூலை 2025

பிச்சைமுத்துவுக்கு,

கனவா?

உன் அண்ணனின் மூன்று வேட்டிகளைச் சல்லடையாக்கியவள் நான். சாயங்கால வெயிலில் நின்று ஒவ்வொரு வெடிக்கும் குழலைத் துடைத்து, அட்டை வெட்டி, சிட்டிகை போட்டுப் பார்த்தவள் நான். தூங்கியது நீ. கண்டுபிடித்தது அய்யனாரா?

போன வருடம் கலயம் உடையாதபோது அய்யனார் என்னை ஏற்கவில்லை. இந்த வருடம் உடைந்தால் அய்யனார் உன் கனவில் வந்ததால். இரண்டுக்கும் நடுவில் நான் எங்கே இருக்கிறேன் என்று உன் கூட்டத்தில் யாராவது ஒருவன் கேட்டானா? தோற்றால் என் கை, ஜெயித்தால் உன் கனவு. அறிவுள்ளவன் பேசும் பேச்சா இது? கனவில் வந்தவர் ரவைக்கு மேல் மெல்லிய அட்டை வைக்க வேண்டும் என்று சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார். அவருக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும்.

கூட்டத்துக்குப் போய் உண்மையைச் சொல்லி உன்னைத் தலைகுனிய வைக்க எனக்கு ஒரு நிமிடம் ஆகாது. சொன்னால் தட்டு போய்விடும், பழையபடி எட்டும் குழலில் விழும். அது ஒன்றுக்காகத்தான் வாயை மூடிக்கொள்கிறேன். உனக்காக இல்லை.

சுடுவேன். மூன்று நிபந்தனை. தட்டிலிருந்து அளந்து எடுப்பது என் கை. மேலே திணிக்கும் நார் உருண்டை கூடாது, மஞ்சள் துணியை மூங்கிலில் கட்டிக்கொள்ளுங்கள். மூன்றாவது, போன வருடம் எந்த இடத்தில் நின்று, எவ்வளவு சத்தமாகச் சொன்னாயோ, அந்த இடத்தில் நின்று, அவ்வளவு சத்தமாக, சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும். கலயம் உடைவதற்கு முன்னால் சொன்னால்தான் மரியாதை. உடைந்த பிறகு எவனும் சொல்வான்.

கொளஞ்சியம்மாள்


9 ஆகஸ்ட் 2025

அண்ணி அவர்களுக்கு வணக்கம்.

நேற்றைக்கு நீங்கள் சுட்டதும் கலயம் மொத்தமாகப் போய்விட்டது. மஞ்சள் தண்ணீர் மூங்கில் அடிவரை தெறித்தது. கழுத்து மட்டும் கயிற்றில் நின்றது. சித்தப்பா மூத்த மகன் வேட்டியை விரித்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே எடத்துல அடிச்சிருக்குதுடா" என்று மூன்று முறை சொன்னான். மிச்ச மருந்தைக் கொளுத்தியபோது எட்டு வீட்டுக்காரர்களும் ஒன்றாகக் கும்பிட்டார்கள். பாகம் பிரித்த பிறகு அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

மூன்றாவது நிபந்தனையை நான் மறக்கவில்லை. அதே இடத்தில்தான் போய் நின்றேன். வாயைத் திறந்தேன். தட்டில் கொளுத்திய மருந்துப் புகை தொண்டையை அடைத்துவிட்டது. "சுடுங்க அண்ணி" என்பது மட்டும்தான் வந்தது. அதற்குள் இருசம்மாள் பக்கத்தில் வந்து, "தலைவரே, கனவுல அய்யனாரு இன்னா கலர் குதிரைல வந்தாரு" என்று கேட்டாள். வெள்ளை என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு உங்களைப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை.

கனவு வரவில்லை அண்ணி. வந்தது உங்கள் தபால்தான். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கலயக் கழுத்தைக் காலையில் நானே கொண்டுவந்து உங்கள் வாசலில் கட்டினேன். நீங்கள் கிணற்றடியில் இருந்தீர்கள். கூப்பிடவில்லை.

பிச்சைமுத்து


11 ஆகஸ்ட் 2025

பிச்சைமுத்துவுக்கு,

எழுதி வைத்துக்கொள்ளத் தேவையில்லை. நீயே எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறாய்.

புகை தொண்டையை அடைத்ததா? நான் சுட்ட பிறகுதான் தட்டைக் கொளுத்தினீர்கள். "சுடுங்க அண்ணி" என்றபோது அந்தத் தட்டில் ஒரு பொறிகூட விழவில்லை. பிறகு வந்த புகையும் உன்னைத் தொடவில்லை. ஆடிக்காற்று மலைப் பக்கமிருந்து அடித்தது, புகை ஏரிக்குப் போனது, நீ மலைப் பக்கம் நின்றாய். பொய் சொல்வதானால் காற்றாவது பார்த்துச் சொல்.

இன்று காலையில் பால் கொண்டுவந்தவன், "ஆயா, அய்யனாரு கனவுல வந்து உங்க பேரச் சொன்னாராமே, குடுத்து வச்சவங்க" என்றான். என்ன கொடுத்து வைத்தேன் என்று அவனிடம் கேட்கவில்லை. கேட்டால் வேட்டிக் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

வாசலில் கலயக் கழுத்து தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லோரும் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். நானும் பார்த்தேன். கோணலாகக் கட்டியிருக்கிறாய். யாரோ பார்த்துவிடுவார்கள் என்று அவசரமாகக் கட்டிய முடிச்சு, ஒரு பக்கம் தாழ்ந்து, காற்று வந்தால் தூணில் இடிக்கிறது. ஒரு வருடம் காத்திருந்து கிடைத்ததை இப்படி வைத்துக்கொள்ள என்னால் முடியாது. செவ்வந்தி சரி செய்கிறேன் என்றாள். தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

வந்து நேராகக் கட்டு. பகலில் வா, கரும்பு வழியாக இல்லை, வாசல் வழியாக. தபால்காரர் பதினோரு மணிக்கு வருவார், செவ்வந்தியும் இருப்பாள். ஊரெல்லாம் வேண்டாம், அந்த இரண்டு பேர் காதில் விழும்படி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு ஸ்டூலில் ஏறு.

கயிறு கொண்டுவர வேண்டாம். என்னிடம் இருக்கிறது.

கொளஞ்சியம்மாள்